கேசட்டைத் தூக்கியெறியச் சொல்பவருக்கு

கூத்து பதிவான பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளை நொடிக்கு 2 மெகாபிட் ஹெச்.264-இல் எம்பி4 ஆக்கிவிட்டுக் கேசட்டை எறிந்துவிடலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். படமே மங்கல், அதற்கு இழப்பில்லாத கோடெக் எதற்கு என்பது அவர் வாதம்.

இது முழுத் தவறு. மங்கலான கேசட்டில்தான் இரைச்சல் அதிகம். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் கிடைக்கிற பிட்டையெல்லாம் தின்றுவிடும். மிச்சத்தில் கூத்துக்காரரின் அரிதாரமும் முகபாவமும் கட்டம் கட்டமாகக் கரையும். ஏற்கெனவே நலிந்த படத்தில் இருப்பதையும் பறிப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

இன்டர்லேசை நீக்கி 25 ஃபிரேமாகப் பதியச் சொல்வது அதைவிட மோசம். பால் முறையில் எடுத்த வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் வெவ்வேறு கணத்தில் பதிவான இரண்டு ஃபீல்டுகள் உண்டு. நொடிக்கு 50 கணங்கள். அவர் சொன்னபடி செய்தால் அதில் பாதி போய்விடும். வேடதாரி சுழன்றாடும் இடத்தில் கால் எங்கே விழுந்தது என்று பார்த்துக் கற்க வேண்டிய மாணவருக்கு என்ன மிஞ்சும்? பிற்பாடு எந்த மென்பொருளைக் கொண்டு நிரப்பினாலும் அது ஊகம்தான்.

இடம் போதாது என்கிறார். கணக்குப் போட்டாரா? 8 பிட், 4:2:2-இல் சுருக்காத பால் வீடியோ மணிக்கு 75 ஜிபி அளவு வரும். எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத கோடெக் ஒரு புள்ளியும் இழக்காமல் அதை ஏறக்குறைய பாதியாக்கும். 4 டிபி ஹார்ட் டிஸ்கில் 100 மணி நேரக் கூத்து அடங்கும். எஃப்எஃப்வி1-இன் மூன்றாம் பதிப்பில் ஃபிரேமின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. எந்தத் துண்டு கெட்டது என்பது தெரிந்துவிடும். இது யாரோ சிலரின் பித்து அல்ல. வியன்னாவில் ஆஸ்திரிய மீடியாதேக் தன் வீடியோ சேகரிப்பை இதில்தான் வைத்திருக்கிறது. 2021-இல் ஆர்எஃப்சி 9043 ஆக இதன் விவரக்குறிப்பும் வெளியாகிவிட்டது.

எம்பி4 எல்லாப் போனிலும் ஓடும் என்பது உண்மை. ஆகவே பார்ப்பதற்கு ஒரு நகலை மூலக்கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் நகலையே மூலமாக வைக்கச் சொல்வதில்தான் அவருடைய எல்லாப் பிழையும் தொடங்குகிறது.

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இலேயே நிறுத்திவிட்டது. இருக்கிற ஹெட்டுகள் தேய்கின்றன. நாடாக்களில் பூஞ்சை ஏறுகிறது. பல கேசட்டுகள் இன்னும் ஒரே ஒரு முறைதான் ஓடும். இந்த நிலையில் கேசட்டை எறியச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. வேறெதையும் திருத்தாவிட்டாலும் அந்த ஒரு வரியை அவர் திரும்பப் பெற வேண்டும், யாராவது அதை நம்பிக் குப்பைக்கூடையைத் திறப்பதற்கு முன்பே.