புது ஊசிக்கு நாலு நாள் கொடுங்கள்



தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு இரவில் போட்டுவந்த பழைய இன்சுலினை நிறுத்திவிட்டு, டாக்டர் டெக்லுடெக் என்ற இன்சுலின் பேனாவை எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் 210. அதற்கடுத்த நாளும் பெரிதாக இறங்கவில்லை. “இவருக்கு இந்த ஊசி ஒத்துக்கலை போலிருக்கு. நாங்களே தினம் ரெண்டு யூனிட் கூட்டிக்கலாமா?” என்று கேட்கிறார்.

கூட்டாதீர்கள் அம்மா. இந்த மருந்து தோலுக்கு அடியில் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்தில் கலக்கும். ஒருமுறை போட்டால் 42 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யும். திங்கட்கிழமை இரவு போட்டதில் ஒரு பங்கு புதன்கிழமையும் உடம்பில் இருக்கும். நேற்றைய மிச்சமும் இன்றைய ஊசியும் சேர்ந்து ஒரு நிதானத்துக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் தினமும் கூட்டிக்கொண்டே போனால், எல்லாம் சேர்ந்து நடுராத்திரியில் சுகரை அடியோடு இறக்கிவிடும். அளவைக் கூட்டுவதென்றால் டாக்டர்களே மூன்று நான்கு நாள் பொறுத்துத்தான் கூட்டுகிறார்கள்.

ஆனால் சுகர் 70-க்குக் கீழே போனால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெண்பொங்கல் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஏறும் சுகருக்கு இந்த ஊசி பொறுப்பில்லை. இது காவல் காப்பது ராத்திரியையும் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தையும்தான். அதனால் காலை வெறும் வயிற்று எண்ணைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எண்ணைப் பார்த்ததும் “நேத்து என்னத்தைத் தின்னீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கும் வீடுகளில்தான் பெரியவர்கள் சுகர் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சிரிஞ்சு பழக்கத்திலிருந்து பேனாவுக்கு மாறியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊர் மருந்துக்கடையில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் இருப்பது பெரும்பாலும் 100. பேனாவின் ஊசிமுனை தீர்ந்துபோன அவசரத்தில், வீட்டில் கிடக்கும், 40 யூனிட் குப்பிக்கான சிவப்பு மூடி சிரிஞ்சால் பேனாவிலிருந்து மருந்தை உறிஞ்சிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். உயிருக்கே ஆபத்து. ஊசிமுனைப் பெட்டி ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். பழைய சிரிஞ்சுகளைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்