அரிவரி வகுப்பும் ஒரு தாயின் அச்சமும்



மாரிமழை ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்கின்றன. காலபோக நெல் கதிர் சாய்த்து, வெட்டுக்கு நாள் பார்த்திருக்கின்றது. இந்தக் காலத்திலேதான் வன்னியெங்கும் ஐந்து வயது நிரம்பிய சிறுவர் சிறுமியர், தம் உடம்பைவிடப் பெரிய புத்தகப் பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தவண்ணம் பாடசாலை வாசலில் வந்து நிற்பார்கள். தரம் ஒன்று என்று இன்று சொல்லுகிறோம். எங்கள் காலத்திலே அதற்கு அரிவரி வகுப்பு என்று பெயர். எனக்கு அந்தப் பழைய பெயரிலேதான் பிரியம்.

வருடந்தோறும் இந்த நாட்களில், பிள்ளைக்கு என்ன படிப்பிப்பார்கள் என்று விசாரித்துப் பல கடிதங்கள் வருவதுண்டு. இம்முறை வந்தவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கும் அதிலேயே விடை கூற எண்ணுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்கு அணித்தாயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எழுதியிருக்கிறார் என்று சொல்வது பிழை. அயல் வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார். அவர் தம் வாயாற் சொன்னதை அந்தப் பெண் கூட்டாமற் குறைக்காமல் எழுதியிருப்பது, எழுத்தின் போக்கிலேயே தெரிகின்றது.

"2008ஆம் ஆண்டில் நான் மூன்றாம் வகுப்பு. அந்த வருடம் இடம்பெயரத் தொடங்கினோம். பிறகு ஊர் ஊராகப் போனோம். 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்தோம். அங்கே தறப்பாளின் கீழே கொஞ்ச நாள் படித்தேன். ஊருக்குத் திரும்பியபோது ஐயா இல்லை. தம்பியையும் தங்கையையும் பார்க்க வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுத்துத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பேன். கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதற்சொல் மறந்துபோகும். இப்போது மகன் பள்ளிக்கூடம் போகிறான். அவன் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினால் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டார் இப்போதே ரியூசனுக்கு விடச் சொல்கிறார்கள். விடலாமா? அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதுதான் எனக்குப் பயம்."

இதைப் படித்த பின்னர் வேறு கடிதங்களை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1998இலேயே ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்று இந்நாட்டிலே விதி செய்யப்பட்டுவிட்டது; 2016இல் அது பதினாறாக உயர்ந்தது. விதி ஏட்டிலே இருந்தது, இந்தப் பெண் தறப்பாளின் கீழே இருந்தாள். அவளைப்போன்ற தாய்மார் வன்னியெங்கும் உளர் என்பதை இங்கே படிப்பித்த எவரும் அறிவர்.

சகோதரி, முதலில் உங்கள் மகன் எதைப் படிக்கப் போகிறான் என்று சொல்கிறேன். 1999ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் ஆரம்பக் கல்வி சீர்திருத்தப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளையும் மூன்று படிகளாக வகுத்தார்கள். தரம் 1, 2 முதற்படி. 3, 4 இரண்டாம் படி. 5 மூன்றாம் படி. முதற்படியிலே விளையாட்டே பெரும்பகுதி. அதற்கு அடுத்தது செயற்பாடு. மேசையிலிருந்து எழுதும் வேலை மிகச் சொற்பம். படி ஏற ஏற எழுத்து வேலை கூடி விளையாட்டுக் குறையும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பனவே பிரதான பாடங்கள். இவற்றோடு ஆங்கிலத்தைப் பேச்சளவில் காதுக்குப் பழக்குவார்கள். 2026ஆம் ஆண்டில் தரம் ஒன்றிலிருந்து பாடத்திட்டத்தைப் புதுக்குவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. ஆகவே புத்தகத்தின் பெயரும் பக்கமும் மாறலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் கையும் கண்ணும் செவியும் மாறுவதில்லை. நான் சொல்லப்போவது அவற்றைப் பற்றியது.

பள்ளி தொடங்கியதும் கால்கோள் விழா நடைபெறும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலுக்கு வந்து புதியவர்களின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார்கள். சென்ற வருடம் அழுதுகொண்டு வந்த பையன் இவ்வருடம் இன்னொருவனுக்கு "அழாதே" என்று சொல்வதைக் காண்பதைப் போன்ற ஆனந்தம் ஓர் உபாத்தியாயருக்கு வேறில்லை. ஆரம்ப நாட்களிலே பிள்ளையை இனங்காணும் வேலையும் நடக்கும். பாடம் என்று சொல்லாமல் விளையாடவிட்டு, இவனுக்குக் கண் நன்றாகத் தெரிகின்றதா, காது கேட்கின்றதா, கூட்டத்தில் ஒதுங்குகின்றானா, நிறம் பிரிக்கின்றானா என்று ஆசிரியர் கவனிப்பார். அந்நாட்களில் எழுத்து வரவில்லையே என்று தவிக்க வேண்டாம். அது பரீட்சையன்று.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழிலே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. முற்காலத்துச் சட்டம்பியார் இவற்றை வரிசைப்படி ஓதுவித்தார். பிள்ளை மணலிலே விரலால் எழுதிற்று. இக்காலத்திலே அகரத்தில் தொடங்கியே தீரவேண்டும் என்ற நியதி இல்லை. ட, ப, ம முதலிய எளிய கோடுகளாலான எழுத்துகளை முந்தக் காட்டி, அவற்றால் ஆகும் சிறு சொற்களையும் கூடவே காட்டுவதுண்டு. அகரத்தின் சுழிவு ஐந்து வயதுக் கைக்கு எத்துணை வருத்தம் என்பதை நீங்களே ஒருமுறை உங்கள் இடக்கையால் எழுதிப் பார்த்தால் விளங்கும்.

எழுதுவதற்கு முன்னர் விரலுக்குப் பலம் வேண்டும். பென்சிலைக் கொடுத்து நாலு பக்கம் அகரம் எழுது என்று இருத்துவதால் அந்தப் பலம் வராது, கைதான் வலிக்கும். நீங்கள் ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது ஓர் உருண்டையை அவன் கையிலே கொடுங்கள். பனையோலை இழைக்கும்போது இரண்டு ஈர்க்கைக் கொடுங்கள். முற்றத்து மணலிலே வளைகோடும் நேர்கோடும் கீறட்டும். சட்டம்பியார் விரலை மணலில் வைத்ததன் சூட்சுமத்தை நாம்தான் மறந்துபோனோம்.

கணிதமும் இவ்வாறே. தொடக்கத்திலே கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. வகைப்படுத்தல், ஒப்பிடல், ஒழுங்குபடுத்தல் என்பவற்றையே முதலிற் பழக்குவார்கள். கச்சானும் பயறும் உழுந்தும் கலந்து சிந்திவிட்டால் அவனைக் கொண்டு பிரித்தெடுப்பியுங்கள். அது கணிதம். இந்தப் பானைக்கு எத்தனை சுண்டு அரிசி, எந்தக் கடகம் பெரிது, அண்ணாவின் செருப்புக்கும் உன் செருப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். அதுவும் கணிதம். சுளகும் சுண்டும் உள்ள வீட்டிலே முதலாம் வகுப்புக் கணிதத்துக்குக் கருவி குறைவில்லை.

சுற்றாடல் பாடத்தைச் சொல்லவே வேண்டாம். நீர், மரஞ்செடி, விலங்கு, பறவை, வானம், வீடு, உணவு என்று பிள்ளையின் கண்முன் உள்ளவையே அங்கே பொருள். குளத்தின் துருசு திறந்தால் எந்த வாய்க்காலில் முதலில் நீர் வரும் என்பதை உங்கள் மகன் அறிவான். வான் பாயும்போது எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதையும் அறிவான். யானை வந்துபோன தடத்தைப் பார்த்து, கன்றும் கூட வந்தது என்று சொல்லும் பிள்ளைகளை நான் வகுப்பிலே கண்டிருக்கிறேன். பாலைப்பழம் எப்போது பழுக்கும் என்று நகரத்துப் பிள்ளையிடம் கேட்டால் விழிக்கும். இவையெல்லாம் அறிவென்று உங்கள் பிள்ளைக்கு எவரும் சொல்லாமையினாலேதான், அவன் புத்தகப் படத்துப் பனிமனிதனைப் பார்த்துத் தனக்கு ஒன்றும் தெரியாதென்று எண்ணிவிடுகிறான்.

அயலார் சொல்லும் ரியூசனைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலாம் வகுப்புக்கு அது வேண்டியதில்லை. அவர்கள் கண் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையிலே இருக்கின்றது. இருநூறு புள்ளிக்கான அப்பரீட்சை, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கிடைக்கவும் பெரிய பாடசாலைகளிலே இடம் கிடைக்கவும் ஏற்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் பத்து வயதுப் பரீட்சைக்கு ஐந்து வயதிலே ஆயத்தம் செய்வது, விதைத்த மறுநாளே அரிவாள் தீட்டுவதை ஒக்கும். மாலையிலே அவனுக்கு வேண்டியது விளையாட்டு, பின்னர் சோறு, பின்னர் நித்திரை. ரியூசனுக்குக் கொடுக்கும் பணத்திலே முட்டை வாங்கிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

எழுத்தறிவதற்கு முன்னே பிள்ளை சொல்லறிய வேண்டும். காதிலே ஏறாத சொல்லைக் கண் வாசிக்காது, வாசித்தாலும் விளங்காது. அந்தச் சொல்லைக் கொடுக்கிறவர் தாய். கடிதத்திலே, கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதற்சொல் மறந்துபோகும் என்று சொன்னீர்களே, வாசிக்க இடர்ப்படுவோரின் நிலையை அதைவிடத் தெளிவாக நான் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் கேட்டதில்லை. இப்படிப் பேசத் தெரிந்த தாயின் மகனுக்குத் தமிழ் வறுமை வராது. இரவிலே கதை சொல்லுங்கள். நரிக் கதையும் சொல்லலாம், உங்கள் ஐயா வயல் காவலுக்குப் போன கதையும் சொல்லலாம். சொல்லி நிறுத்தி, பிறகு என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள்.

அடுத்தது, கொஞ்சம் துணிவு வேண்டிய காரியம். வகுப்பாசிரியரைத் தனியே கண்டு, "எனக்கு வாசிப்புச் சரளமாக வராது, ஏதும் அறிவிப்பு இருந்தால் வாயாற் சொல்லிவிடுங்கள்" என்று கூறிவிடுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், கொப்பியிலே நான் எழுதி அனுப்பிய குறிப்புக்கு மூன்று முறை மறுமொழி வராமையினால், ஒரு சிறுமியை வகுப்பின் முன்னே எழுப்பி, "உன் அம்மாவுக்கு உன்மேல் அக்கறையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தாய் நேரில் வந்தார். அந்தக் குறிப்பை மடித்துத் தாலிக்கொடியோடு சேலையிலே முடிந்து வைத்திருந்தார். எவரிடம் கொடுத்து வாசிப்பிப்பது என்று தெரியாமல். அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அதன் பின்னர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு தவணை சென்றது. முன்னரே தெரிந்திருந்தால் நான் அப்படிக் கேட்டிருப்பேனா? நான் கேட்காமலும் இருந்திருக்கலாம். அது வேறு விஷயம்.

மகனிடம் மறைக்கவும் வேண்டாம். 1980 முதல் பாடப்புத்தகங்களை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்து வருகின்றது. முதலாம் வகுப்புப் புத்தகத்திலே பக்கத்துக்குப் பக்கம் படம் பெரிது, சொல் சிறிது. அவன் அன்று படித்த பக்கத்தை விரித்து, "இதை எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். அவன் விரல் வைத்து வாசிக்க, நீங்களும் அந்த விரலைப் பின்தொடருங்கள். கூட்டி வாசிக்கிற உங்களுக்கு அந்தப் புத்தகம் அளவானது. அவன் இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது நீங்களும் போவீர்கள். "அம்மா படிக்கிற காலத்திலே சண்டை நடந்தது, அதனால் மிச்சத்தை உன்னோடு படிக்கிறேன்" என்று சொன்னால் அவன் உங்களை இகழ மாட்டான். ஐந்து வயதிலே அம்மாவுக்குக் கற்பிப்பதைவிடப் பெருமை ஒரு பையனுக்கு ஏது?

தைப்பூசத்திலே ஏடு தொடக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. புதிருக்கு எடுத்த நெல்லிலேயே அரிசி பரப்பி, அவன் கையைப் பிடித்து எழுதுவியுங்கள். ஐயரோ பெரியவரோ பிடித்து முடிந்த பின்னர் நீங்களும் ஒருமுறை பிடியுங்கள்.

இக்கடிதத்தை எழுதிக்கொடுத்த தங்கையே, இந்தப் பதிலையும் நீதான் வாசித்துக் காட்டப் போகிறாய் என்று நினைக்கிறேன். மெதுவாக வாசி. அக்கா ஏதாவது ஒரு வரியைத் தானே வாசிக்க விரும்பினால், சொல்லுக்கு முன் நீ முந்திக்கொள்ளாமல் பொறுத்திரு.

கொப்பி எத்தனை வாங்குவது, ஒற்றை றூலா சதுரக் கோடா என்ற கேள்விக்கு, பாடசாலையிலே பட்டியல் தரும் வரை ஒன்றும் வாங்க வேண்டாம். சென்ற வருடம் முந்தி வாங்கிய பலர் மாற்றுவதற்காகக் கடைக்கு இரண்டு முறை நடந்தார்கள்.