கண்ணுக்கேற்ற எழுத்து

நாற்பது வயதைக் கடந்தவர்கள், பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குவதை எல்லா இல்லங்களிலும் காணலாம். இதனையே 'வெள்ளெழுத்து' என்கிறோம். கண்ணினுள் உள்ள வில்லை இளமையில் நன்கு நெகிழ்ந்து கொடுக்கும். வயது ஏற ஏற அந்நெகிழ்ச்சி குன்றுவதால், அண்மையிலுள்ளவை மங்கலாகத் தோன்றும். இது நோயன்று, நரையைப் போன்றதோர் இயற்கை மாற்றமே.

அச்சிட்ட தாளில் எழுத்தின் அளவு அச்சகத்தார் வைத்ததே. கணினித் திரையிலோ அதனைத் தீர்மானிப்பவர் படிப்பவரே. இவ்வுரிமை இருந்தும், திரையருகே முகத்தைக் கொண்டுசென்று, புருவத்தைச் சுருக்கி, ஈற்றில் தலைவலியோடு எழுந்து போவோர் பலர். 'இனி நமக்கு இது ஒத்துவராது' என்று வாசிப்பையே கைவிடுவோரும் உளர். அதுவே பேரிழப்பு.

தமிழ் படிப்போர் இதில் மேலும் கருத்தூன்றுதல் வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் பல வேளைகளிற் போதாது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழியே வேறுபாடு. எழுத்துச் சிறுத்தால் 'பணி' 'பனி'யாகிவிடும். ஒரு சிறு கோடு கண்ணுக்குத் தப்பினால் 'ஏரி' 'எரி'யாகிவிடும். பாடம் படிக்கும் மாணவருக்கு இஃது அற்பமான பிழையன்று.

செய்யவேண்டியதோ மிக எளிது. இணையப் பக்கத்தைப் படிக்கையில், விசைப்பலகையிலுள்ள 'கொன்ட்ரோல்' விசையை அழுத்தியவாறே கூட்டற் குறியை அழுத்துக. அழுத்துந்தோறும் பக்கம் ஒரு படி பெரிதாகும். கழித்தற் குறி அதனைச் சிறிதாக்கும். பூச்சியம் பழைய அளவுக்கே மீட்டுத்தரும். மக்கின்டொஷ் கணினியில் 'கொமாண்ட்' விசையைப் பயன்படுத்துக.

கணினி முழுவதிலும் எழுத்துப் பெரிதாக வேண்டுமா? விண்டோஸ் 11இன் அமைப்புகளில், அணுகல் வசதிகளுக்கான பிரிவிலே எழுத்தின் அளவை மாற்றலாம். 225 சதவீதம் வரை அதனை உயர்த்த இடமுண்டு.

சிலர் இதற்காகத் திரையின் புள்ளியடர்த்தியைக் குறைத்துவிடுகின்றனர். அது தவறான வழி. இக்காலத் தட்டைத் திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது; ஆதலால் எழுத்துப் பெரிதானாலும் ஓரங்கள் மங்கிவிடும். கண்ணின் களைப்பு தீராது.

கட்டுரை எழுதும் மாணவருக்கு ஓர் ஐயம் எழலாம்: திரையிற் பெரிதாக்கினால் அச்சிடும் எழுத்தும் பெரிதாகுமோ? ஆகாது. 'வேர்ட்' போன்ற செயலிகளில் காட்சியளவு வேறு, எழுத்தின் அளவு வேறு. முன்னதை மாற்றுவது, தாளின்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடிப்பது போன்றதே.

எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கத்தின் உள்ளடக்கமோ பயனோ குறையலாகாது என்று, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. ஆகவே, பெரிய எழுத்தை நாடுவது சலுகை கேட்பதன்று. படிப்பவரின் நியாயமான தேவை.

ஒன்றை மறத்தலாகாது. பார்வை திடீரென மங்கினாலோ, கண்ணில் நோவு தோன்றினாலோ, எழுத்தைப் பெரிதாக்கிக் காலம் போக்காது மருத்துவரை நாடுக.

மாணவர்களே, உங்கள் இல்லத்திற் பாட்டனாரோ பாட்டியாரோ திரையை விட்டு ஒதுங்கியிருப்பின், இன்று மாலையே அவர்கள் அருகில் அமருங்கள். எழுத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி, 'இது போதுமா?' என்று கேளுங்கள். அளவைத் தெரிவுசெய்ய வேண்டியவர்கள் நீங்களல்லர், அவர்களே.