ஓடிபி குடுத்தீங்களான்னு கேட்காதீங்க

பச்சைத் தேயிலைக் காசு கணக்குல ஏறின மூணாம் நாள், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கார்டுல இருந்து 8,400 ரூபாய் போச்சு. ஏதோ வெளிநாட்டு இணையக் கடையாம். போனும் வரல, ஓடிபியும் வரல. கோத்தகிரிக்கு பஸ் ஏறி நானும் கூடப் போனேன். வங்கியில முதல் கேள்வி: "ஓடிபி குடுத்தீங்களா?"

நகரத்து நண்பர்களே, நீங்களும் அதையேதான் கேட்கிறீங்க. வெளிநாட்டுத் தளங்கள் பலதுல ஓடிபி இல்லாமலே கார்டுல பணம் எடுக்கலாம். பறிகொடுத்தவனை முட்டாள்னு சொல்றது சுலபம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-லயே சொல்லிடுச்சு. தப்பு நம்மளோடதும் இல்ல, வங்கியோடதும் இல்லன்னா, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா நமக்கு நஷ்டமே கிடையாது. 10 வேலை நாள்ல பணத்தை வரவு வைக்கணும். தப்பு நம்மளோடதுன்னு நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓடிபியே சொல்லியிருந்தாலும், புகாருக்கு அப்புறம் போற காசுக்கு வங்கிதான் பொறுப்பு.

அந்தக் கிளைச் சுவத்துல நகைக்கடன் போஸ்டர் இருக்கு, இது இல்ல.

அண்ணன் அன்னிக்கு வாயால சொல்லிட்டு வந்துட்டார். இப்போ "புகாரே வரலையே"ங்கறாங்க. நீங்க உடனே 1930-க்குப் பேசுங்க. வங்கியில எழுதிக் கொடுத்து, நகல்ல முத்திரை வாங்காம வெளிய வராதீங்க.