துப்பாக்கித் தடை: முதலில் யார் கையிலிருந்து?

தனியார் கையில் இருக்கும் துப்பாக்கிகள் அனைத்தையும், நாட்டுத் துப்பாக்கி உட்பட, தடை செய்ய வேண்டும் என்று தோழர்கள் சிலர் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். வன்முறையற்ற சமூகம் வேண்டும் என்ற அவர்களின் எண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையை எதிர்க்கிறேன். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வைத்து நிலக்கடலை போடும் தலித் குடும்பம் எங்களுடையது. காட்டுப்பன்றியை வெடிச் சத்தம் காட்டி விரட்ட, லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. 'அதனால்தான் எதிர்க்கிறான்' என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: இந்த நாட்டில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது?

இங்கே ஆயுதம் என்றைக்குமே பொதுச் சொத்தாக இருந்ததில்லை. ஆயுதம் ஏந்தும் உரிமையை ஒரு வருணத்துக்குக் கொடுத்து, உழைக்கும் மக்களுக்கு மறுத்ததுதான் நால்வருணம். இந்தியாவில் சமூகப் புரட்சி ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு 1936-இல் அம்பேத்கர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. பின்னர் வந்த வெள்ளையர் ஆட்சி, 1878 ஆயுதச் சட்டத்தின் மூலம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது.

அந்தக் காலம் போய்விட்டது என்கிறீர்களா? 1959 ஆயுதச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, குடகில் கொடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே மாவட்டத்தின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் எரவர் பழங்குடி ஒருவருக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால், அவர் விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும். ஒருவருக்குப் பிறப்பும் நிலமும் போதும், இன்னொருவருக்குக் காகிதம் வேண்டும். நாளை வரப்போகும் தடைச் சட்டத்தில் மட்டும் இத்தகைய விலக்குகள் இருக்காது என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

2019-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க ஒன்றிய அரசு மசோதா கொண்டு வந்தது. பாரம்பரியம், முன்னோர் விட்டுச்சென்ற ஆயுதம், குடும்பப் பெருமை என்று எதிர்ப்புக் கிளம்பியது. அரசு இறங்கி வந்தது, ஒன்று இரண்டானது. பரம்பரைத் துப்பாக்கி யாருடைய பரம்பரைக்கு இருந்தது? ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத நம் பாட்டன் எந்தத் துப்பாக்கியை நமக்கு விட்டுப்போனான்?

தடை என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதைப் பீகார் காட்டியது. நிலவுடைமைச் சாதியினரின் ரன்வீர் சேனாவை அந்த மாநில அரசு 1995-இல் தடை செய்தது. தடைக்குப் பிறகுதான் 1996-இல் பதானி தோலாவில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2012-இலும் 2013-இலும் விடுவித்தது. அமைப்பின் பெயரைத் தடை செய்த அரசு, அதன் ஆட்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கவில்லை.

அதைப் பறிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. அதே 1995-இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளும் வந்தன. மூன்றாவது விதியைத் தோழர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடங்களில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடங்கும். துப்பாக்கி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எப்படிக் கைமாறும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. தேவைப்பட்டால் தலித், பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக அவர்களுக்கு உரிமம் வழங்கவும் சொல்கிறது.

துப்பாக்கி விஷயத்தில் சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் விதி இது. எல்லோருக்கும் ஒரே தடை என்ற கோரிக்கை இந்த விதியைச் செல்லாக்காசாக்கிவிடும். ஆதிக்கச் சாதிப் பண்ணையாரின் இரட்டைக்குழல் துப்பாக்கியும் பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியும் ஒன்று என்று சொல்வது சமத்துவம் ஆகாது. சட்டமே அப்படிப் பார்க்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்று 1959 சட்டத்தின் 13-ஆவது பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது.

'தமிழ்நாட்டில் சாதிக் கொலைகள் அரிவாளால்தானே நடக்கின்றன?' என்று கேட்கலாம். உண்மைதான். 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் அரிவாளால்தான் வெட்டினார்கள். துப்பாக்கியைத் தடை செய்தால் சாதிக் கொலை குறையும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. கொல்பவனுக்குத் துணிவு தருவது ஆயுதம் மட்டும் அல்ல, நம்மை யார் என்ன செய்துவிட முடியும் என்ற சாதித் திமிர்.

சேரிதோறும் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி சாதியை ஒழிக்காது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆயுதக் குறைப்புக்கு ஒரு வரிசை உண்டு. வன்கொடுமைப் பகுதி என்று அரசே அடையாளம் கண்ட ஊர்களில் எத்தனை துப்பாக்கி உரிமங்கள், எந்தெந்தச் சாதியினரிடம் இருக்கின்றன என்ற விவரத்தை மாவட்டவாரியாக வெளியிடட்டும். மூன்றாவது விதியின் கீழ் இதுவரை எத்தனை உரிமங்களை ரத்து செய்தார்கள் என்று மாவட்ட ஆட்சியர்கள் சொல்லட்டும். பிறப்பின் பெயரால் தரும் விலக்குகளை நீக்கட்டும்.

இந்த மூன்றையும் கேட்காமல் பொதுத் தடை கேட்பது, ஏற்கனவே வெறுங்கையோடு நிற்பவனைச் சோதனை போடுவதில்தான் போய் முடியும். தோழர்களே, கேட்பதென்றால் இந்த வரிசையில் கேளுங்கள். நாங்களும் உங்களோடு நிற்கிறோம்.