கழுகு என்று சொல்லித் தொலைத்த பாறு

நெம்மேலியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கே மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம். அவ்வூரைப் பற்றி இப்பக்கத்துப் பெரியவர் எவரிடம் பேச்செடுத்தாலும் பெரும்பாலும் ஒரே விடை வரும். முன்பெல்லாம் நாள்தோறும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்திறங்கும், அமுது வைப்பார்கள், உண்டுவிட்டுப் பறந்துபோகும், இப்போது வருவதில்லை, காலம் கெட்டுவிட்டது. இந்தக் கடைசிச் சொற்றொடரோடுதான் நமக்கு வழக்கு.

தலபுராணக் கதையை நாம் குறைத்துப் பேசவில்லை. சாபத்தால் பறவையான எண்மர், யுகத்துக்கு இருவராக வந்து வழிபட்டு விடுதலை பெறுகின்றனர் என்பதும், கங்கையில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் தொழும் பறவைகள் என்பதும் அழகான கற்பனைகள். ஒரு தேசத்தின் நிலப்படத்தையே இரண்டு பறவைகளின் ஒருநாள் பயணமாகச் சுருக்கிய கற்பனை அது. ஆனால் அக்கதையோடு ஒட்டிக்கொண்டு ஒரு விளக்கமும் வந்தது. ஏதேனும் ஒருநாள் பறவைகள் வாராது போனால், கூட்டத்தில் பாவி ஒருவர் இருக்கிறார் என்பார்கள். இவ்விளக்கம் எந்நாளும் பொய்க்காது. கூட்டத்தில் பாவி இல்லாத நாள் ஏது? ஒருநாள் வராமைக்குப் போதுமானதாயிருந்த அந்த விளக்கம், அறவே வராமற்போன பின்பும் போதுமானதாகிவிட்டது. ஆகவே எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பறவை எது என்பதில் ஐயமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவரும், மாமல்லபுரச் சிற்பங்களையும் பழந்தமிழ் எழுத்துகளையும் ஆய்ந்தவருமான கிஃப்ட் சிரோமணி, 1977இல் பறவை நோக்குவோருக்கான ஆங்கிலச் செய்திமடல் ஒன்றில் திருக்கழுக்குன்றத்துப் பறவைகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். அவை நியோஃப்ரான் இனத்தவை. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட பிணந்தின்னிப் பறவை. இன்று தமிழில் மஞ்சள்முகப் பாறு என்று எழுதுகிறோம். இந்தியாவில் வாழும் சிற்றினத்துக்கு அறிவியலார் இட்ட பெயர் ஜிஞ்சினியானஸ், அதாவது செஞ்சிக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் இப்பறவையை வருணித்துப் பெயரிட்டபோது நம் செஞ்சியின் பெயரே உலகப் பட்டியலில் ஏறியது. ஒருபுறம் செஞ்சி, மறுபுறம் கழுக்குன்றம். இவ்வளவு உரிமை கொண்டாடத்தக்க பறவையின் அழிவைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம்.

தமிழ் கற்பிக்கும் நம் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு. பழம்பாடல்களின் போர்க்களங்களில் பாறும் எருவையும் கழுகும் பருந்தும் வேறுவேறு பெயர்களாக வருகின்றன. வகுப்பில் நாம் செய்வது என்ன? எருவை, பருந்தில் ஒரு வகை, பாறு, பருந்து, கழுகு, கழுகு. தேர்வுக்கு அது போதும். பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் பறவைகளைத் தனித்தனியே அடையாளம் காண முயன்றார்; அந்நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? கழுகு வரைக என்றால் மாணவர்கள் அமெரிக்க நாணயத்தில் இருக்கும் வேட்டைப் பறவையை வரைகிறார்கள். பிழை அவர்களுடையதன்று. பிணந்தின்னிக்கு வழங்கிய கழுகு என்னும் சொல்லை, வேட்டையாடும் வீரப் பறவைக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தவர்கள் நாம். சுற்றுலாக் கையேடுகளிலும் திருக்கழுக்குன்றத்துப் பாறு 'ஈகிள்' ஆகிவிட்டது. நாடெங்கும் பாறுகள் மடிகின்றன என்ற செய்தி வந்தபோது, அது நம் குன்றத்துப் பறவையைப் பற்றிய செய்தி என்று நமக்குப் படாமற்போனதற்கு இந்தப் பெயர்க்குழப்பமும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

மக்கள் வழக்கோ இவ்வளவு குழம்பியிருக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூல்களில் இதற்குத் தமிழ்ப்பெயராக 'மஞ்சள் திருடி' என்பதை ஒத்த ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. 2002இல் ஹுவான் ஹோசே நெக்ரோ முதலிய ஸ்பானிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு செய்தியை வெளியிட்டனர். இப்பறவை மாட்டுச் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் தின்கிறது. ஊட்டம் அதில் மிகக் குறைவு. ஆயினும் முகத்துக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் அதிலிருந்தே கிடைக்கின்றன. சாணத்தில் ஒட்டுண்ணிகள் இருக்கும். அதைத் தின்றும் நோயின்றி ஒளிரும் முகத்தோடு நிற்கும் பறவை, துணை தேடும் பறவைக்குத் தன் உடல்வலிமையை அறிவிக்கிறது போலும் என்பது அவர்கள் கருத்து. மாட்டிடமிருந்து மஞ்சளைத் திருடுகிறது! பெயரிட்டவர் இதையெல்லாம் எண்ணியா பெயரிட்டார் என்று கேட்டால் நாம் வாதிட மாட்டோம். ஆனால் பெயர் பொருந்தி நிற்கும் அழகைச் சொல்லாமலும் இருக்க இயலவில்லை.

இதன் அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேன் குடாலும் ஹ்யூகோ வான் லாவிக்கும் ஆப்பிரிக்காவில் இப்பறவை கல்லை அலகால் எடுத்து நெருப்புக்கோழி முட்டைமேல் எறிந்து உடைப்பதைக் கண்டு 1966இல் எழுதினர். கருவியைப் பயன்படுத்தும் பறவைகளின் சிறு வரிசையில் இதற்கும் இடம் கிடைத்தது. மரபணு ஆய்வுகள் இதற்கு நெருங்கிய உறவு இமயமலையின் தாடிப் பாறு என்கின்றன. வெண்முதுகுப் பாறு முதலியவை தனிக்கிளை, அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிகள் முற்றிலும் வேறு குடி. தொழில் ஒன்றானதால் தோற்றம் ஒத்துவிட்டது, அவ்வளவே. உச்சிவேளை வருகையில் உள்ள ஒழுங்கையும் ஓரளவு விளக்கலாம். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழுந்த பின்னரே இத்தகைய பறவைகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர முடியும்; நாள் தவறாமல் உணவு கிடைக்கும் இடத்தை அவை மறப்பதுமில்லை. கூண்டில் 37 ஆண்டுவரை வாழ்ந்ததாகப் பதிவுண்டு. எனவே ஒரு தலைமுறை முழுவதும் அதே இணையைக் கண்டிருக்கக் கூடும். இந்த விளக்கங்களால் மலைமேல் கைகூப்பி நின்றவர்களின் வியப்பு ஒரு துளியும் குறையாது.

அழிவின் கதை வேறு. பரத்பூரில் விபு பிரகாஷ் 1990களின் பிற்பகுதியில் பாறுகள் தலைதொங்கி மடிவதைப் பதிவு செய்தார். வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மஞ்சள்முகப் பாறும் 1999 முதல் ஆண்டுக்கு 35 விழுக்காடு என்ற அளவில் சரிந்தது. 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் காரணத்தைக் கண்டனர். கால்நடைக்கு வலிநீக்கியாகப் போடும் டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியாக வெண்முதுகுப் பாறுகளின் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு போலப் படிகிறது. நூறு உடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே ஓரினம் இவ்வாறு அழியும் என்று கணக்கிட்டனர். திருக்கழுக்குன்றத்து இணையை இம்மருந்துதான் கொன்றது என்று நாம் தீர்ப்பெழுதவில்லை. பாவியின் இடத்தில் மருந்தை நிறுத்திவிட்டு ஓய்ந்துபோவதும் பழைய சோம்பலே. நாம் சொல்வது, அவை போன பின் அவற்றின் இடத்துக்கு வர வேறு பாறுகள் இல்லாமற்போயின என்பதுதான். அதற்குக் காரணம் நமக்குத் தெரியும்.

இழப்பு பறவைகளோடும் நிற்கவில்லை. இயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் அவை அற்றபின் மனிதர் இறப்பு நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியதென்றும், 2000 முதல் 2005 வரை ஐந்து இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்றும் மதிப்பிடுகிறது. அழுகும் உடலங்கள், கெட்ட நீர், பெருகிய தெருநாய்கள் ஆகியவற்றை அவர்கள் காரணமாகச் சுட்டுகின்றனர்.

2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடும் தந்திரம் தொடர்ந்ததால் 2015இல் குப்பியின் அளவைக் குறைத்தனர். 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைக்குத் தடையாயின. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் கூடு கட்டி வாழ்வது பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில். அங்கே 'அருளகம்' அமைப்பினர் பாறு என்னும் சொல்லையே மீட்டெடுத்து ஊர் ஊராகப் பேசிவருகின்றனர். தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நம் பக்கத்தில் செய்யத்தக்கன இரண்டு. குன்றத்தின் படிக்கட்டுத் தொடக்கத்தில் ஒரு பலகை: தலபுராணக் கதை முழுவதும் இருக்கட்டும், அதனடியில் இப்பறவையின் பெயர், படம், அது மறைந்த கதை. அடுத்தது, நெம்மேலி முதல் திருக்கழுக்குன்றம் வரை மாடு வைத்திருப்போர், வலிநீக்கி ஊசி போடவரும் மருத்துவரிடம் மெலாக்சிகாம் இருக்கிறதா என்று கேட்பது. அது பாறுகளைக் கொல்லாது என்று 2006இலேயே சோதித்துக் காட்டிவிட்டனர்.