பாட்டியின் நாட்காட்டியும் மோரிப் கடலும்

மாணவர்களே, நமக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே வெயில், இடையிடையே மழை. ஆனால் பள்ளி விடுமுறை உண்டு. விடுமுறை முடிந்து வகுப்புக்கு வரும் என் மாணவர்களிடம் எங்கே போனீர்கள் என்று கேட்பேன். பேரங்காடி என்பார்கள், கேமரன் மலை என்பார்கள். கடலுக்குப் போனவர்கள் லங்காவி, தியோமான் என்பார்கள். கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக ஒரு மணி நேரத்தில் மோரிப் இருக்கிறதே, அங்கே போகவில்லையா என்றால் முகம் சுளிக்கிறார்கள். "டீச்சர், அது வெறும் சேறு. அதெல்லாம் ஒரு கடலா?"

அதுதான் கடல் என்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைகள் லங்காவியைவிட முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கடல் அதுதான். அங்கே தனியாகவோ நண்பர்களோடோ போவதைவிட உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது என்பது என் கருத்து. அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் உங்கள் பாடநூலில் இல்லாத செய்தி இருக்கிறது.

முதலில் கடலைப் பார்ப்போம். பள்ளியில் 'பாசாங் சூருட்' என்று படிப்பதற்குத் தமிழில் ஓதம் என்று பெயர். நம் மேற்குக் கரையில் ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 10 மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால், நாளை ஏறக்குறைய 10.50க்கு நிறையும். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதும் இதுவும் ஒரே கணக்கு.

எல்லாக் கடற்கரையிலும் ஓதம் ஒரே அளவாக இருப்பதில்லை. மலாக்கா நீரிணை ஒரு புனல் மாதிரி. வடக்கே அந்தமான் கடல் பக்கம் அகலம், தெற்கே வரவரக் குறுகல், ஆழமும் குறைவு. உள்ளே வரும் ஓத அலைக்கு இடம் போதாமல் உயரம் கூடுகிறது. பெரிய ஓத நாட்களில் கிள்ளான் துறைமுகத்தில் நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். பினாங்கில் அதில் ஏறக்குறைய பாதிதான். 4 மீட்டர் என்றால் ஒரு மாடி வீட்டின் கூரையை எட்டும் உயரம். அது ஆறே மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. புலாவ் கெத்தாமில் வீடுகள் எல்லாம் ஏன் கால் வைத்து நிற்கின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு செய்தி. தீபகற்ப மலேசியாவில் எந்த இடத்தின் உயரத்தைச் சொன்னாலும் அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டதுதான். எந்தக் கடல்? கிள்ளான் துறைமுகக் கடல். 1984 முதல் 1993 வரை அங்கே பத்தாண்டுகள் ஓதத்தை அளந்து, அதன் சராசரியைத்தான் சுழியம் என்று வைத்திருக்கிறார்கள். தாஹான் மலையின் 2,187 மீட்டரை எதிலிருந்து எண்ணுவது என்று யாராவது கேட்டால், நீங்கள் முகம் சுளித்த அந்தப் பழுப்புத் தண்ணீரைக் காட்டலாம்.

இப்போது பாட்டியிடம் வருவோம். உங்கள் வீட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கும். அதில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி என்று போட்டிருக்கும். பாட்டி விரதத்துக்காகவும் நல்ல நாள் பார்ப்பதற்காகவும் அதைப் புரட்டுவார். நீங்கள் அதை ஓத அட்டவணையாகவும் படிக்கலாம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. ஓதத்தை எழுப்புவதில் சூரியனின் ஆற்றல் நிலாவினுடையதில் ஏறக்குறைய பாதி. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது பெரிய ஓதம். அஷ்டமியன்று வானத்தில் பாதி நிலா. சூரியனும் நிலாவும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் வேலையை மற்றொன்று குறைக்கும். அப்போது சிறிய ஓதம். ஆடி அமாவாசைக்கு முன்னோரை நினைத்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ பெரிய ஓதம் வரும் நாட்களில்தான் போகிறார்கள். கோலா சிலாங்கூர் சாசாரான் கடலில் 'வானக் கண்ணாடி' என்று ஒரு மணல்திட்டுக்குப் படகில் கூட்டிப் போகிறார்களே, அதற்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள்தான் ஏற்றவை. மற்ற நாட்களில் அந்தத் திட்டு தண்ணீருக்கு அடியில். சுற்றுலா நிறுவனமும் பாட்டியும் ஒரே நாட்காட்டியைப் பார்க்கிறார்கள்!

தாத்தாவிடம் கேட்க வேண்டியது வேறு. கிள்ளான், கோல லங்காட் வட்டாரங்களில் கரையோரத் தோட்டங்கள் நிறைய. கேரித்தீவைப் போன்ற இடங்களில் நிலம் பெரிய ஓதத்தின் மட்டத்தைவிடத் தாழ்வு. கடல் உள்ளே வராமல் சுற்றிலும் மண் அணை கட்டி, கால்வாய் வெட்டி, வாயில் வைத்தார்கள். கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது திறந்து, தோட்டத்து மழைநீரை வெளியே விட வேண்டும். நம்மவர்கள் பல்லாண்டுகள் அந்த மண்ணில் வேலை செய்தார்கள். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. என் மாணவி ஒருத்தியின் தாத்தா அப்படி ஒரு தோட்டத்தில் வாயில் பார்த்தவர். இன்று கிள்ளானில் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். நிலாவைப் பார்த்தே இன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று சொல்வாராம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பேத்திக்கே அது தாத்தாவின் பழங்கதையாகத்தான் தெரிந்திருந்தது, நான் பாடத்தில் ஓதத்தைத் தொடும் வரை.

பழங்கதை இல்லை என்பதற்கு 2021 டிசம்பரைச் சொல்கிறேன். உங்களில் சிலர் அதை வீட்டுக்குள்ளேயே பார்த்திருப்பீர்கள். 17, 18ஆம் தேதிகளில் விடாத மழை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் கூறினார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்: 19ஆம் தேதி பௌர்ணமி. கிள்ளான் ஆறு கடலுக்குள் போக வேண்டுமானால் ஆற்றின் மட்டம் கடலின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது ஆறு எங்கே போகும்? வெள்ளத்துக்கு முதல் காரணம் மழைதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஏறிய கடல், வடிய வேண்டிய தண்ணீரைத் தாமதப்படுத்தியது. உலகின் சராசரிக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, இன்னும் உயர்கிறது. தோட்டத்து வாயில்காரருக்குத் தெரிந்த கணக்கு இனி ஆற்றோரம் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டும். மழை எச்சரிக்கை வரும் நாளில் கைப்பேசியில் மழைப் படத்தைப் பார்க்கிறோம். எத்தனை பேர் அன்றைய ஓத நேரத்தைப் பார்க்கிறோம்?

சேற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிறம் என்றால் அழுக்கு என்று பொருள் இல்லை. ஆறுகள் கொண்டுவரும் நுண்ணிய களிமண், அலை குறைந்த இந்தக் கரையில் மெல்லப் படிகிறது. பாக்காவ் மரங்களின் வேர்கள் அதைப் பிடித்து வைக்கின்றன. கடல் இறங்கியதும் குனிந்து பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு அதை ஆட்டிக்கொண்டிருக்கும். மீன் என்று பெயர் இருந்தும் சேற்றில் தாவித் திரியும் ஒன்று இருக்கும். தோல் ஈரமாக இருக்கும் வரை அது காற்றிலேயே மூச்சு விடும். செப்டம்பருக்குப் பிறகு வந்தால் சைபீரியா வரை பறந்து திரும்பும் கரைப்பறவைகள் அந்தச் சேற்றில் மேய்வதைக் காணலாம். (நெகிழிக் குப்பையும் கிடக்கும். அது அழுக்குதான். அதைச் சேற்றின் கணக்கில் எழுதாதீர்கள்.)

இந்தச் சேற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் ஒரு படையே தடுமாறியது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பின், பிரிட்டிஷ் தரப்புப் படைகள் மோரிப் கரையில் இறங்கின. வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். எதிர்த்துச் சுட யாரும் இல்லை. ஆனால் கரையின் மண் கனம் தாங்காமல் வாகனங்கள் புதைந்தன. போர் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

பெற்றோர் சொல்லும் எதிர்ப்பு எனக்குத் தெரியும்: கடல் ஆபத்து. உண்மை. அதனால்தான் ஓதம் தெரியாமல் போகாதீர்கள் என்கிறேன். மீனவர்களும் மாலுமிகளும் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று தண்ணீர் ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதி ஏறிவிடும். 4 மீட்டர் ஓதத்தில் அது மணிக்கு 1 மீட்டர். கரை மிகத் தட்டையாக, 200 மீட்டர் நடந்தால் 1 மீட்டர்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மணிக்கு 200 மீட்டர் கரையை நோக்கி வரும். நிமிடத்துக்கு 3 மீட்டருக்கு மேல். சேற்றில் கால் சிக்கியவருக்கு அது வேகம்தான். ஆகவே கடல் வற்றும் நேரத்தில் இறங்குங்கள், வற்றி முடியும் முன்பே திரும்பத் தொடங்குங்கள், பிற்பகல் இடி முழங்கினால் உடனே கரையேறுங்கள். நேரம் பார்த்துக் கூப்பிட, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவைவிடப் பொருத்தமானவர் யார்?

வண்டி இல்லாதவர்கள் பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் போதும். புலாவ் கெத்தாம் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டிக்குப் படகு ஒத்துவராது என்றால் அங்கேயே நின்று தூணைப் பாருங்கள். ஈரக் கறை எதுவரை என்று அளந்து, நேரத்தை எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்து எழுதுங்கள். தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் அன்றைய நேரத்தைப் பார்த்து ஒரு பத்தியில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அட்டவணையைக் காட்டுவதற்கு முன்னால் தாத்தாவோ பாட்டியோ சொன்ன நேரத்தை எழுதுங்கள். மிகப் பெரிய ஓதம் பௌர்ணமியன்றே வருகிறதா, ஓரிரு நாள் தள்ளி வருகிறதா என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். பள்ளி திறந்ததும் பேசுவோம்.